பாறசாலையில் ஓர் இல்லாத ஸ்டே

களியக்காவிளையில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் மாநிலம் மாறிவிடுகிறது. மாறியதற்கு அத்தாட்சியாக நான் கண்டது இரண்டுதான். கடைப் பலகைகளில் எழுத்து உருண்டுவிட்டது. டீ கேட்டால் "சாயாவா?" என்று திருப்பிக் கேட்டார்கள். மற்றபடி அதே வாழை, அதே ரப்பர், அதே புழுக்கம். பேசுகிற தமிழும் எல்லையைப் பார்த்து நின்றுவிடவில்லை. அதுபாட்டுக்குத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. திருச்சிக்காரியான எனக்குத்தான் அது பாதி புரிந்தது, பாதி புரியவில்லை.

நான் ஊர் பார்க்க வரவில்லை. ஓர் அட்டவணையில் இருக்கும் ஒரே ஒரு வரியைப் பார்க்க வந்தேன். இப்படிச் சொன்னதும் ஆட்டோக்காரர் ஒருவர் என்னை ஏற்றிக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்தார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் ஒரு சின்ன அறையில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து உச்ச நீதிமன்றத்தை எண்ணிக்கொண்டிருக்கிறோம். தீர்ப்புகளைப் படித்து விளக்கம் சொல்கிற வேலை அல்ல. அதற்குப் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். நீதிமன்றம் தானே வெளியிடுகிற அன்றாடப் பட்டியல்களையும் உத்தரவுகளையும் இறக்கி, ஒரு வழக்குக்கு ஒரு வரி என்று அட்டவணை போடுவது எங்கள் வேலை. யார் போட்டது, எந்த உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது, எத்தனை முறை பட்டியலில் ஏறியது, எத்தனை முறை தள்ளிப்போனது, கடைசியில் என்ன ஆனது. இப்படி வரிகளைக் குவித்துப் பார்த்தால் ஒற்றைத் தீர்ப்பில் தெரியாத சங்கதிகள் தெரியும். தில்லிக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் அங்கே சுலபமாகப் போய்விடுகிறார்கள். தெற்கே வர வர வழக்கு குறைகிறது. புது வழக்குகளைப் பெரும்பாலும் திங்களும் வெள்ளியும் கூப்பிடுவார்கள். ஒரு வழக்குக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒரு டீயை ஆற்றிக் குடிக்க முடியாது. வருவதில் பெரும்பகுதி வாசலோடு திரும்பிவிடும்.

எங்கள் அட்டவணையில் 'நிலுவை' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தச் சொல்லை நாங்கள் ஆயிரம் தடவை தட்டியிருப்போம். நிலுவை என்றால் ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று மட்டும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே சில வரிகளைப் பொறுக்கியெடுத்து, அந்த வீடுகளுக்கே போய்ப் பார்ப்பது என்று முடிவானது. "நீ தமிழச்சி. அங்கேயும் தமிழ்தானே பேசுகிறார்கள், போய் வா" என்று பாறசாலையை என் தலையில் கட்டினார்கள்.

என் வரி இதுதான். மனுதாரர் லீலாபாய். எதிர்த்தரப்பு, பக்கத்து நிலத்துக்காரர் சுகுமாரனும் அவர் தம்பியும். ஒரு வழிப்பாதைத் தகராறு. உயர் நீதிமன்றத்தில் லீலாபாய் தோற்றார். ஆறு வருடத்துக்கு முன் தில்லிக்குப் போனார். நிலை: நிலுவை. விசாரணை: ஒன்றுமில்லை. காரணம்: மனுவில் குறை. ஒரு பழைய பத்திரத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்கவில்லை. அதை வைக்கிறவரை காகிதக் கட்டு நீதிமன்றப் பதிவு அலுவலகத்தைத் தாண்டாது. அதாவது, ஆறு வருடமாக அந்த வழக்கை எந்த நீதிபதியும் கண்ணால் பார்க்கவில்லை.

அதைவிட மோசமான ஒன்று கிளம்புவதற்கு முதல் வாரம் கண்ணில் பட்டது. குறை தீர்க்கப்படாமல் கிடக்கும் வழக்குகளை மொத்தமாக எடுத்துத் தள்ளுபடி செய்யும் பட்டியல் ஒன்று அடுத்த மாதத்துக்கு வந்திருந்தது. அதில் இந்த எண்ணும் இருந்தது.

முதல் நாள் பாறசாலையில் பஸ் ஏறும்போதே எனக்குச் சறுக்கிவிட்டது. அறை எடுத்திருந்தது நெய்யாற்றின்கரையில். பலகை வாசிக்கத் தெரியாததால், நின்ற பஸ்ஸின் பக்கத்தில் இருந்தவரிடம் "நெய்யாற்றின்கரை போகுமா?" என்றேன். "போவும்" என்றார். ஏறி உட்கார்ந்தேன். பஸ் கண்ட கிளைச் சாலையிலெல்லாம் வளைந்து, தென்னந்தோப்புகளுக்குள் புகுந்து, முக்கால் மணி நேரம் கழித்து என்னைப் பூவார் முகத்துவாரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. கண்டக்டரிடம் சண்டைக்குப் போனேன்.

"நெய்யாற்றின்கரைக்குப் போவும்னு சொன்னாங்களே?"

"போவும் மேடம். இப்பவும் போவும். பூவார் சுத்திப் போவும். சாயா குடிச்சிட்டு எடுப்போம்."

தப்பு என்னுடையது. போகுமா என்று கேட்டேனே தவிர, நேரே போகுமா என்று கேட்கவில்லை. கோபம் வந்த வேகத்தில் பசியும் வந்தது. ஒரு ஓலைக் கொட்டகையில் மரச்சீனிக் கிழங்கும் மத்திக் குழம்பும் கிடைத்தன. எங்கள் ஊரில் மரவள்ளியைச் சாயங்கால நொறுக்காகக் கொறிப்போம். இங்கே அது சோற்றின் இடத்தில் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. குழம்பின் காரத்தில் மூக்கும் கண்ணும் ஒழுகின. இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் மலையாளத்தில் யாரோ ஒரு சொந்தக்காரியின் சொத்து வழக்கைப் பேசிக்கொண்டு வந்தார்கள். என் காது அதற்கென்றே வளர்ந்தது. எனக்குப் புரிந்த மட்டில் ஒருத்தி சொன்னது இது: "அவள் தில்லிக்கே போட்டுவிட்டாளாம். இனி யாரும் அந்த இடத்தைத் தொட முடியாது. தில்லிக்குப் போனால் ஸ்டேதானே." மற்றவள் ஆமாம் என்று தலையாட்டினாள். எட்டிக் குறுக்கே பேசலாமா என்று நினைத்தேன். தில்லிக்குப் போவதற்கும் தடையுத்தரவு கிடைப்பதற்கும் நடுவே ஒரு நீதிபதி வேண்டும் என்று யார் அவர்களிடம் சொல்வது.

இரண்டாம் நாள் காலையில் லீலாபாய் வீட்டுக்குப் போனேன். அவருடைய முன்சீப் கோர்ட்டு வக்கீல் மூலம் முன்பே சம்மதம் வாங்கியிருந்தேன். ஆட்டோ பஞ்சாயத்து ரோட்டிலிருந்து ஒரு மண்பாதைக்குள் திரும்பியதும் ரொட்டி வேகிற வாசனை வந்தது. லீலாபாய் வைத்திருப்பது ஒரு போர்மா. விறகில் எரியும் பெரிய ரொட்டி அடுப்பை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ரஸ்க்கும் பன்னும் போட்டு, பாறசாலையிலிருந்து அம்பூரி மலைக் கடைகள்வரை அனுப்புகிறார். அறுபதை நெருங்குகிற வயது, மாவு படிந்த கைகள், முடியை இழுத்துக் கட்டிய கொண்டை. புருஷன் இறந்து பல வருடம். வேலைக்கு இரண்டு பெண்கள். அடுப்பு மேல்பார்வையும் கணக்கும் ஞாயிறு சபைக்குப் போவதுமாக அவர் நாள் ஓடுகிறது.

"வாங்க மக்களே, இரிங்க. வெயிலு கொண்டு வந்திருக்கியளே. முதல்ல சாயா குடிங்க, கேஸு எங்கயும் ஓடாது."

சூட்டோடு ரஸ்க் தந்தார். நாங்கள் காய்ச்சல்காரர்களுக்கு வாங்கிக்கொடுக்கிற ரஸ்க் வேறு ஜாதி. இதில் ஏலக்காய் மணந்தது. நான்கு தின்ற பிறகுதான் படிவத்தை எடுத்தேன்.

அவர் முதலில் பாதையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். ரோட்டிலிருந்து அவர் முற்றம்வரை, சுகுமாரனின் நிலத்தின் ஓரமாக வருகிறது அந்தப் பாதை. அகலம் ஒரு சுமை ஆட்டோ போகலாம், இரண்டு போக முடியாது. தினம் காலையில் ரஸ்க் பெட்டிகளை ஏற்ற அந்த ஆட்டோ வந்தாக வேண்டும். வேறு வழியே கிடையாது. மற்ற மூன்று பக்கமும் அடுத்தவர் மதில்கள். பாதை அடைபட்டால் போர்மா அணைந்துவிடும், அவ்வளவுதான். ஓரமாக மதில் கட்டக் கருங்கல் அடுக்கி வைத்திருந்தார்கள். கல்லின்மேல் பாசி பிடித்திருந்தது. அதன்மேல் ஒரு பூசணிக்கொடி ஏறிப் பூத்திருந்தது.

"ஹைகோர்ட்டுல ஜெயிச்ச மறுவாரம் எறக்குன கல்லாக்கும் இது. அந்த ஆளுக்கு மதிலு கெட்ட முடியல்ல. டெல்லியில ஸ்டே உண்டுல்லா."

நான் கையில் இருந்த படிவத்தைத் திரும்பப் பார்த்தேன். "ஸ்டே இருக்குன்னு யார் சொன்னாங்கம்மா?"

"ஆரு சொல்லணும்? முன்சீப் கோர்ட்டுல கேஸ் போட்ட அன்னைக்கே ஸ்டே தந்தாவ. கோர்ட்டு ஆமீன் வந்து கதவுல ஒட்டிட்டுப் போனாரு. ஹைகோர்ட்டுலயும் தந்தாவ. பின்ன டெல்லி மட்டும் தராம இருக்குமா? பெரிய கோர்ட்டுல்லா மக்களே!"

சின்னக் கோர்ட்டே தந்ததைப் பெரிய கோர்ட்டு தராதா என்பது யாருக்கும் நியாயமாகப் படுகிற கேள்வி. அலுவலகத்தில் ஒரு குறைப்பட்டியலுக்கு அடியில் கட்டு தூங்கிக்கொண்டிருக்கிறது என்பது சென்னையில் இருக்கிற எங்களுக்குத் தெரியும். இந்தப் பாதையில் நடக்கிறவர்களுக்குத் தெரியாது. அவருடைய தில்லி வக்கீல் அலுவலகம் ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

பத்திரத்தைக் காட்டினார். லீலாபாயின் புருஷனுடைய பாட்டனார், சுகுமாரனின் முன்னோர் ஒருவரிடமிருந்து இந்த மனையை வாங்கிய ஆதாரம். முக்கால்வாசி மலையாள எழுத்து. நடுநடுவே தமிழ் எழுத்து. எண்களெல்லாம் பழைய தமிழ் எண்கள். கிளம்பும் முன் தில்லி வக்கீல் அலுவலகத்தில் நான் விசாரித்திருந்தேன்: இதன் நகலை மலையாளம் மொழிபெயர்க்கிறவர் இது தமிழ் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். தமிழ் மொழிபெயர்க்கிறவர் இது மலையாளம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். எல்லையில் எழுதிய பத்திரம் இரண்டு பேருமே தன் பிள்ளை இல்லை என்று கைவிட்டதாகிவிட்டது. கூடவே, கீழ்க் கோர்ட்டுகளில் வைத்த தட்டச்சுப் பிரதியும் இருந்தது. அதில் 'குளத்துக்குப் போய்வரும் வழியும்' என்று ஓர் இடம் வந்து, அடுத்து ஒரு நீளமான புள்ளிக்கோடு, பக்கத்தில் அடைப்புக்குள் 'தெளிவில்லை' என்று இருந்தது.

"அதுல என்ன எழுதியிருக்கோ, ஆருக்கும் தெரியல்ல. ஜட்ஜி சொன்னாரு, இது குளத்துக்குப் போற ஒத்தையடி வழி, குளம் தூர்ந்து போச்சு, அதனால வழியும் தீர்ந்து போச்சுன்னு. நல்ல ஜட்ஜி. குளத்தோட என்னையும் தூத்துட்டாரு."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஸ்டே இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அது ஊருக்குள் பரவும், கல்மேல் இருக்கிற பூசணிக்கொடியை அன்று சாயங்காலமே பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தேன். கோழைத்தனம்தான். படிவத்தை மடித்துக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டு தரப்பையும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் சட்டம்; சுகுமாரனிடமும் என்ன வேலையாக வருகிறேன் என்று போனில் சொல்லியிருந்தேன். சுகுமாரனுக்கு அறுபத்து மூன்று வயது. சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஆதாரம் எழுதும் அலுவலகம் வைத்திருக்கிறார். நிலம் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் பத்திரம் எழுதிக்கொடுப்பது தொழில். கணினி, அச்சுப்பொறி, காத்திருக்கிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. இவர் ஒரு முரட்டு ஆளாக இருப்பார் என்று கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட, ஒல்லியான மனிதர் எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

நான் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டார். "மேடம், லீலாபாய்கிட்ட ஸ்டே இல்லன்னு சொல்லிட்டியளா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் செல்போனை எடுத்துத் தடவி என் பக்கம் திருப்பினார். நான் தினமும் பார்க்கிற அதே பக்கம், அதே வழக்கு எண். "ஸ்டே இல்ல. ஒரு ஜட்ஜும் பாக்கல்ல. எனக்கு ரெண்டு வருசமாட்டுத் தெரியும். அதுவரைக்கும் நானும் உண்டுன்னுதான் நெனச்சேன்."

"பின்னே ஏன் மதில் கட்டலை?"

பெஞ்சில் இருந்தவரைச் சாயா குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். அப்புறம்தான் பேசினார்.

"ரெண்டு வருசம் முன்ன என் பெண்டாட்டி மெடிக்கல் காலேஜுல வச்சு மரிச்சுப் போனா. எங்க முன் ரோட்டைக் குடிவெள்ளக் குழாய்க்காக வெட்டிப் போட்டிருந்தாவ. ஆம்புலன்ஸ் வரக் களியாது. இந்த வழியாத்தான் வந்து லீலாபாய் முற்றத்துல நின்னுது. அங்க இருந்து எங்க பின்வாசலுக்கு எடுத்துட்டு வந்தோம். நாங்க வாறதுக்குள்ள லீலாபாய் அடுக்கி வச்சிருந்த விறகெல்லாம் மாத்தி, முற்றத்தத் தூத்து, வெள்ளம் தெளிச்சு வச்சிருந்தா. மூணு நாளு போர்மாவுல தீ போடல்ல. கடைக்காரங்க போனுல விளிச்சுச் சத்தம் போட்டதும் எனக்குக் கேட்டுது. என்கிட்ட ஒரு வாக்கு மிண்டல்ல. நானும் மிண்டல்ல. கேஸ் போட்ட அன்னையில இருந்தே பேச்சு இல்லல்லா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மஸ்கட்டில் இருக்கிற தம்பி வாரம் தவறாமல் கூப்பிட்டு, ஜெயித்த கேஸுக்கு மதில் எங்கே என்று கேட்கிறாராம். கேஸ் செலவில் பாதி தம்பியுடையது. அதனால் இவர் ஒவ்வொரு வாரமும் ஒரே பதிலைச் சொல்லி வருகிறார்: டெல்லியில ஸ்டே உண்டு, தொட்டா ஜெயிலு.

"ஒரு பொய்ய வச்சாக்கும் நான் அந்த வழியக் காவல் காக்குதேன். இனி அதும் போச்சு. அடுத்த மாசம் தள்ளுபடி பண்ணுவாவ, கடிதாசு தம்பி பேருக்கும் வரும். மேடம், அந்தக் கேஸத் தள்ளாம நிறுத்த வழி உண்டா?"

எத்தனையோ வரிகளைத் தட்டியிருக்கிறேன். தனக்கு எதிரான வழக்கைச் சாகவிடாதே என்று எதிர்த்தரப்பு கேட்டு நான் பார்த்ததில்லை. இந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளியே வந்து எங்கள் குழுவில் வழக்கறிஞராக இருக்கும் தோழியைக் கூப்பிட்டேன். வழி ஒன்று இருக்கிறது என்றாள். அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட மொழிபெயர்ப்பையும் நீதிமன்றம் ஏற்கும் என்று விதியிலேயே இருக்கிறதாம். விதியை எழுதியவர்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார்கள். வழக்காடுகிற இரண்டு பேர் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போடுவதை அவர்கள் எங்கே பார்த்தார்களோ தெரியவில்லை.

உள்ளே போய்ச் சொன்னேன். "நீங்கள் வாசித்தால் நான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்."

"நான் ஒப்புப் போடுதேன். ஆனா அவகிட்ட ஒண்ணும் சொல்லண்டாம்."

"ஸ்டே இல்லைங்கிறதைச் சொல்லாம அவங்க கையெழுத்தை வாங்க மாட்டேன்."

ரொம்ப நேரம் மேஜையில் இருந்த மை அட்டையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "செரி. நீங்க சொல்லுங்க. நாளைக்குக் காலத்த வாறேன்."

அன்று மிச்சப் பொழுதில் பாலராமபுரம் போய் அம்மாவுக்கு ஒரு வேட்டிக்கரைச் சேலை எடுப்பதாகத் திட்டம். போனேன், கடையில் உட்கார்ந்தேன், சேலைகளைப் பிரித்துக் காட்டினார்கள். நான் மனதுக்குள் லீலாபாயிடம் எப்படித் தொடங்குவது என்று வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில் கரை என்ன நிறம் என்றுகூடப் பார்க்காமல் ஒன்றை வாங்கிவந்துவிட்டேன். அம்மா அதைப் பற்றி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் புட்டும் கடலையும் பாதித் தட்டில் வைத்துவிட்டு ஓடினேன். லீலாபாய் அடுப்பிலிருந்து தகடுகளை நீளக் கம்பால் இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். எழுதி வைத்த வசனமெல்லாம் மறந்துபோய், நேரடியாகச் சொன்னேன். ஸ்டே கிடையாது. எந்தக் காலத்திலும் கிடைக்கவில்லை. ஒரு நீதிபதியும் இதைப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் தள்ளுபடி ஆகப்போகிறது.

அவர் கம்பைக் கீழே வைக்கவில்லை. இன்னும் இரண்டு தகடுகளை இழுத்தார். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்தார்.

"அப்போ, இத்தன நாளும் ஆரு தடுத்தா?"

அவர் பாதையைப் பார்த்தார், கருங்கல் அடுக்கைப் பார்த்தார், அதைத் தாண்டித் தெரிந்த ஓட்டுக்கூரையைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது. அந்த ஓட்டுக்கூரை வீட்டின் பின்வாசல் திறந்து, சுகுமாரன் இஸ்திரி போட்ட சட்டையோடு நடந்து வந்தார்.

முற்றத்து விளிம்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கோயிலுக்கு வந்தவர் மாதிரி நின்றாரே தவிர உள்ளே வரவில்லை. லீலாபாய் ஒரு ஸ்டூலை எடுத்து, தூசி இல்லாத ஸ்டூலைத் துடைத்து, அவர் பக்கமாகத் தள்ளிவைத்தார். இரண்டு பேரும் என்னிடம் மட்டும் பேசினார்கள்.

"மக்களே, அவருக்குச் சாயாவுக்குச் சீனி போடலாமான்னு கேளுங்க."

"போடண்டாம்னு சொல்லுங்க மேடம். சுகர் உண்டு."

பத்திரத்தை ஒரு வெள்ளைத் துணியில் விரித்தோம். சுகுமாரன் வாசிக்கத் தொடங்கினார். எல்லைகள், மரங்கள், அளவுகள். பழைய எண்களை அவர் சரளமாகச் சொல்லச் சொல்ல, நான் மடிக்கணினியில் ஆங்கிலத்தில் தட்டினேன். சந்தேகம் வந்தால் மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை விளக்கினார். லீலாபாய் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அடுப்படிப் பெண்கள் இருவரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"…மேற்படி மனைக்குக் குளத்துக்குப் போய்வரும் வழியும்…"

நிறுத்தினார். தட்டச்சுப் பிரதியில் புள்ளிக்கோடு வருகிற இடம். நான் 'தெளிவில்லை' என்று தட்டுவதற்கு விரலை வைத்துவிட்டேன். அவர் அப்படியே விட்டிருந்தாலும் குறை தீர்ந்திருக்கும். வழக்கு நிலுவையில் நின்றிருக்கும். தம்பியிடம் பழைய பொய்யையே சொல்லிக்கொண்டிருக்கலாம். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். "சவமெடுத்து ஆள் இரண்டு வரிசையாய்ப் போகும் அகலத்தில், சந்ததிப் பிரவேசமாய் விட்டிருக்கும் வழியும்."

எனக்கே அர்த்தம் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒற்றையடிப் பாதை இல்லை. குளத்துக்கு மட்டும் இல்லை. பிணத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு வரிசையாக ஆட்கள் போகிற அகலம், வம்சம் உள்ளவரைக்கும்.

லீலாபாய் முதல் தடவையாக அவரைப் பார்த்தே கேட்டார். "அது தெளிவில்லன்னுல்லா எல்லாரும் சொன்னாவ?"

"தெளிவாத்தான் கெடக்கு. தமிழெழுத்தாக்கும், அதனால வக்கீலுமார்க்கு ஓடல்ல. எனக்கு முதல் நாளே ஓடிச்சு. நான் மிண்டாம இருந்துட்டேன்." பத்திரத்தின் ஓரத்தை நீவினார். "அன்னைக்கு என் பெண்டாட்டிய ஆம்புலன்ஸுல இருந்து எறக்கி எடுத்தப்போ, ஆளுவ ரெண்டு வரிசையாட்டு நின்னாவ. அப்பதான் இது எனக்கு ஓர்மை வந்துது. அன்னையில இருந்து உறக்கம் இல்ல."

லீலாபாய் தூணை விட்டார். உள்ளே போனார். திட்டுவாரோ, அழுவாரோ என்று நான் காத்திருந்தேன். ஒரு தட்டில் ரஸ்க்கோடு வந்தார்.

"இதுல சீனி கம்மியாக்கும் அண்ணே. தின்னலாம்."

வழக்கில் எதிர்த்தரப்பு எண் ஒன்று என்று நான் தட்டி வைத்திருந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு அந்த ரஸ்க்கைத் தின்றார். அடுப்படிப் பெண்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். நானும் மடிக்கணினியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒன்றும் தெரியவில்லை.

சுகுமாரனே தன் அலுவலகத்துக்குப் போய் அச்செடுத்து வந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பேரும் ஒப்பு வைத்தார்கள்; தம்பிக்கும் சேர்த்துப் போட சுகுமாரனிடம் அதிகாரப் பத்திரம் இருந்தது. முதலில் யார் வைப்பது என்று கொஞ்சம் தகராறு வந்தது; மனுதாரர்தான் முதலில் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். தம்பிக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டதற்கு, "உள்ளதச் சொல்லுவேன். அவனும் அன்னைக்கு மஸ்கட்டுல இருந்து வந்து அண்ணியோட பெட்டியத் தூக்கினவன்தான், வரிசையில மூணாமத்தவன்" என்றார். காகிதங்களை லீலாபாயின் வக்கீல் மத்தியானமே தில்லிக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

எனக்கு ரயிலுக்கு நேரமானது. ரஸ்க் ஒரு பெரிய பொட்டலமாக என் பையில் ஏறியது. லீலாபாய் பாதை முனைவரை கூட வந்தார். சுமை ஆட்டோ எங்களை உரசிக்கொண்டு உள்ளே போனது. இரண்டு பேரும் கருங்கல்லில் சாய்ந்து ஒதுங்கினோம்.

"மக்களே, இனி ஜட்ஜி இத வாசிப்பாரா?"

என் அட்டவணைக்குப் பதில் தெரியும். குறை தீரும். ஒரு திங்களோ வெள்ளியோ கூப்பிடுவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் யாராவது அந்த அரை வரிவரைக்கும் போனால் உண்டு, போகாமலும் இருக்கலாம். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேற்று முழுக்க உண்மை சொல்லாமல் இருந்த வெட்கம் வேறு.

"நிச்சயமாச் சொல்ல முடியாதும்மா. வாசிக்காமலே தள்ளிடவும் கூடும்."

அவர் முற்றத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சுகுமாரன் இன்னும் அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது டம்ளர் சாயா கையில் இருந்தது.

"போவட்டும் மக்களே. ஜட்ஜி வாசிக்கல்லேன்னா என்ன. இவரு வாசிச்சாச்சுல்லா."